கொக்கு போட்ட சும்மாடு

கேன்வாஸ் கடை முதலாளிக்கு நான் தரவேண்டியிருந்தது பதினேழாயிரத்து இருநூற்று அறுபது. ஆன்லைன் சந்தைக்காரன் எனக்குத் தரவேண்டியிருந்தது அதைவிட மூவாயிரம் கூடுதல். இவனிடம் வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது விஷயம். நடுவில் ஒரு கொக்கு வந்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டது.

கொழுந்தியாள் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஒரு பெரிய கிடங்கில் பெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. விரலெல்லாம் டேப் பசை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"மாமா, கடைய மூடிட்டாங்க."

"எந்தக் கடைய?"

"நம்ம கடையத்தான். உங்களுக்கு வேற எத்தனை கடை இருக்கு?"

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். நாற்பது வயதுக்கு மேல், தொழிலாளர் சங்க அறையில், ஆணியில் மாட்டிய கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. பெரிய எழுத்தாக இருந்தால் ஓடும். போன் திரையில் இருப்பதெல்லாம் எறும்பு. பசை ஒட்டிய அந்தத் திரையைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். 'மதிப்பிற்குரிய விற்பனையாளரே' என்று ஆரம்பித்தது. என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்கு இரண்டு வரி கீழே 'போலி' என்ற சொல் இருந்தது. மேலே மதிப்பு, கீழே போலி. வாழை இலையைக் கழுவி வைத்து அதில் எச்சில் துப்பினது மாதிரி இருந்தது. எங்கள் பொருள் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைத் தாங்கியிருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். பொருளை எடுத்துவிட்டார்களாம். இதுவரை விற்றதற்கான பணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். வேண்டுமானால் முறையீடு செய்துகொள்ளலாமாம்.

"என்ன சின்னம்?" என்றேன்.

அவள் கீழே தள்ளிக் காட்டினாள். எங்கள் பொருளின் படம். அதில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் ஒரு கொக்கு.

சும்மாடு என்றால் தலையில் வைப்பது. அது எல்லோருக்கும் தெரியும். தோளில் போடுவதையும் நாங்கள் சும்மாடு என்றே சொல்வோம். இரண்டு மடிப்புக் கேன்வாஸ், உள்ளே பஞ்சுக்கழிவும் சைக்கிள் டியூப் துண்டும், மார்புக்குக் குறுக்கே ஒரு வார். கழுத்தடியிலிருந்து தோள் முனை வரைக்கும் மூடும். லாரியில் மூட்டை இறக்குகிறவனுக்கு அது இல்லாவிட்டால் தோல் உரியும். ஒருவன் சும்மாட்டை இன்னொருவன் தொடமாட்டான். வேர்வை ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, அந்தத் தோளின் பள்ளம் மேடெல்லாம் அதில் இறங்கியிருக்கும். அடுத்தவன் பல் துலக்கிய பிரஷ்ஷை யார் வாயில் வைப்பார்கள்? அதனால் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. ஒருவன் சிவப்பு நூலில் பெருக்கல் குறி போட்டிருப்பான். ஒருவன் சட்டைப் பித்தான் தைத்திருப்பான். மகள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டவனும் உண்டு. யார் செய்தது, யார் விற்றது என்பதெல்லாம் அந்த அடையாளத்தில் கிடையாது. இதை மாட்டிக்கொண்டு சுமப்பவன் யார் என்பது மட்டும்தான்.

நானும் மூட்டை தூக்கியவன்தான். கழுத்தெலும்பு தேய்ந்துபோய், வலது கை அடிக்கடி மரத்துப்போக ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாரம் ஏறினால் கை விளங்காமல் போய்விடும் என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் மனைவி சும்மாடு தைக்க ஆரம்பித்தாள். கனத்த துணி தைக்கிற மெஷின் ஒன்று பழையதாகக் கிடைத்தது. துணி, கேன்வாஸ் கடை முதலாளியிடம் கடனுக்கு வாங்கினோம். மாதக் கடைசிக்குள் கணக்கைத் தீர்க்காவிட்டால் மெஷின் அவருக்கு. பேச்சு அவ்வளவுதான், காகிதம் எதுவும் இல்லை. மெஷின் போனால் நான் திரும்ப லாரிக்கடியில் போய் நிற்கவேண்டும். நின்றால் எத்தனை நாள் நிற்பேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கொக்கு என்பது என் கூட்டாளியின் பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல, நெட்டைக்காலுக்கு நாங்கள் வைத்தது. டீ குடிக்கும்போது ஒரு காலை மடக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பான். லாரியே இல்லாத ஊரிலும் அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அவன் சும்மாடு கேட்டபோது, "எனக்கு என் படத்தையே போட்டுக் குடு தங்கச்சி" என்று என் மனைவியிடம் சொன்னான். அவளுக்கு மெஷினில் எதையும் தைக்க வரும், வரையத்தான் வராது. எங்கள் வீட்டில் காலி மாட்டுத்தீவனச் சாக்கு ஒன்று கிடந்தது. அந்தத் தீவனக் கம்பெனிக்குச் சின்னம் கொக்கு. அவள் சாக்கின்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலால் ஒத்தியெடுத்து, நீல நூலில் தைத்துவிட்டாள். கொக்குக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் அதைத் தட்டிக்காட்டிக்கொண்டு திரிந்தான்.

பிறகு ஆன்லைனில் போடலாம் என்று கொழுந்தியாள் சொன்னபோது, புதுச் சும்மாட்டைப் படம் எடுத்துப் பார்த்தோம். தலையணை மாதிரி இருந்தது. "இத எவனும் வாங்கமாட்டான் மாமா, படுக்கறதுக்கு வேணா வாங்குவான்" என்றாள். ஒரு தோளில் போட்டு எடுத்தால்தான் இன்னது என்று தெரியும். கொக்கைக் கூட்டிவந்து, அவன் சும்மாட்டை அவன் தோளிலேயே போடவைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் படம் எடுத்தாள். "மூஞ்சி வேண்டாமா? இதத்தான்டா எல்லாரும் பாக்கணும்" என்று அவன் என்னிடம் சண்டை பிடித்தான். அந்தப் படத்துக்கு ஆர்டர் வந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர்கள், சிலிண்டர் தூக்குகிறவர்கள், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் வாங்கினார்கள். அவர்களுக்குப் போனவற்றில் எந்தப் பறவையும் கிடையாது. வெறும் காக்கித் துணிதான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. முதல் முறையீட்டில் அதைத்தான் எழுதினேன். யாரிடமும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை, நானே பேனா பிடித்து எழுதினேன். என் மனைவி கொக்கைக் கிட்டப்போய்ப் பார்த்தவள் இல்லை, அதனால் உங்கள் சாக்கைப் பார்த்து ஒத்தியெடுத்தாள், அது விற்கிற சும்மாடு அல்ல, என் கூட்டாளி போட்டுக்கொள்கிறது, அவன் பெயரே கொக்கு, விற்ற எதிலும் அந்தப் படம் இல்லை, படத்தை மாற்றிவிடுகிறோம், பணத்தை விட்டுவிடுங்கள் என்று ஒன்றரைப் பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதிய பெரிய எழுத்து அதுதான். கொழுந்தியாள் அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் அடித்தாள். இரண்டு இடத்தில் என் பிழையைத் திருத்தினாள், ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். செம்பை வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'மதிப்பிற்குரிய விற்பனையாளரே. தங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம்.'

ஒன்றரைப் பக்கத்தை எழுதவே எனக்கு ஒரு பகல் போயிருந்தது. படித்தவன் எவ்வளவு வேகமாகப் படித்தாலும் ஒரு மடக்குத் தண்ணீருக்குள் படிக்க முடியாது. பொருளை வாங்கிய இடத்தின் ரசீது இல்லையாம், ஆகவே ஏற்க முடியவில்லையாம். நாங்கள் எதையும் வாங்கவில்லை, வீட்டில் தைத்தோம் என்று மறுபடி எழுதினோம். மறுபடி அதே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாவது தடவையும் அதே. கையை நீட்டிய இடத்தில் வழவழவென்று ஏதோ தட்டுப்படுவது போல எனக்கு உடம்பு கூசியது.

புகார் கொடுத்தவர்களுக்கே எழுதிப் பார்க்கலாம் என்று கொழுந்தியாள் சொன்னாள். தீவனக் கம்பெனி நேராகக் கொடுக்கவில்லை. அவர்களுக்காகச் சின்னத்தைக் காவல் காக்கிற ஒரு ஆபீஸ் கொடுத்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு எனக்கு வாசித்தாள்.

"எங்கள் கட்சிக்காரர் தோள் சும்மாடு தயாரிப்பதில்லைன்னு போட்டிருக்கான் மாமா."

"அதத்தானே நாமளும் சொல்றோம்."

"இருங்க. அவங்க தயாரிக்கறதே இல்லையாம். ஆகவே அவங்க சின்னத்தோட இருக்கற எந்தச் சும்மாடும் போலியாத்தான் இருக்கணுமாம்."

நான் அதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். எங்கே ஓட்டை என்று தேடினேன். ஓட்டையே இல்லை. சாணி உருண்டை மாதிரி உருட்டித் திரட்டி வைத்திருந்தான்.

முதலாளியிடம் போய் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "நானும் மில்லுக்குக் கட்டணும்யா" என்றார். அவர் கடைக்கு எதிரில்தான் லாரி நிற்கிற இடம். பேசும்போது என் கண் அங்கேயே போனது. மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையசைத்தான். வருகிறாயா என்று கேட்கிற கையசைப்பு. என் கழுத்து அதற்கே இழுத்தது.

அதன்பிறகுதான் முறையீடு எழுதுகிறவரைத் தேடிப்போனோம். இப்படி ஒரு தொழில் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஆன்லைனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவதே அவர் பிழைப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னலைத் திறந்து பல வருடம் ஆகியிருக்கும் போல. கம்ப்யூட்டர் பலகையின் எழுத்துக்களுக்கு நடுவில் பிஸ்கட் தூள் அடைந்து கிடந்தது. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் விரலை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டார். நாங்கள் கொண்டுபோன என் ஒன்றரைப் பக்கத்தையும் அப்படியே நனைத்துப் புரட்டினார். எழுத்து ஒரு ஓரத்தில் கலங்கியது.

"நீங்களே எழுதினதா பெரியவரே? நல்லாருக்கு. ஆனா இது முறையீடு இல்ல."

"வேற என்னங்க?"

"உண்மை." சிரித்தார். "இத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அங்க மூணு கேள்விதான். என்ன தப்பு செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்க, இனிமே செய்யாம இருக்க என்ன பண்ணப்போறீங்க. தப்பே செய்யலன்னு சொன்னா முதல் கேள்வியிலயே வெளிய."

"நாங்க போலி விக்கலைங்க. எங்க வீட்டுக்காரி தைச்சது."

"அத மட்டும் சொல்லிடாதீங்க." கையை உயர்த்தி என் வாயை அடைக்கிற மாதிரி காட்டினார். "நாங்களே செஞ்சோம்னா நீங்க போலி தயாரிக்கற ஆளு. எங்கயோ வாங்கி வித்தோம், ஏமாந்துட்டோம்னு சொன்னா ஏமாந்த ஆளு. ஏமாந்தவனுக்கு மன்னிப்பு உண்டு. செஞ்சவனுக்குக் கிடையாது."

கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள்.

அவர் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, யாரோ ஒரு செருப்பு வியாபாரியின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டார். செருப்பு என்ற இடத்தில் சும்மாடு. ஓரிடத்தில் மறந்துபோய்ச் செருப்பு என்றே விட்டுவிட்டார், கொழுந்தியாள் சுட்டிக்காட்டியதும் "படிக்கவா போறாங்க" என்று சொல்லிக்கொண்டே மாற்றினார். கடைசியில், வீடியோ ஒன்றும் வேண்டும் என்றார். புகாரில் உள்ள பொருளை அழிப்பதைக் காட்டவேண்டும். முகம் தெரியவேண்டும், சின்னம் தெரியவேண்டும், இது போலி என்று வாயால் சொல்லவேண்டும். பணம் வந்தால் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. தாளில் கையெழுத்துப் போட என்னிடம் பேனாவை நீட்டினார். பேனாவும் ஈரமாக இருந்தது. வீட்டில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று தாளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆர்டர் இல்லாவிட்டாலும் தைத்துக்கொண்டேதான் இருந்தாள். கை நின்றால் மெஷின் போய்விடும் என்கிற மாதிரி. நான் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கூட்டிக் கூட்டிப் படித்ததால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது.

"நான்... தெரியாமல்... போலிப் பொருளை... வாங்கி... விற்றுவிட்டேன்."

"யார்கிட்ட வாங்குனீங்களாம்?"

"ஊர் பேர் தெரியாத ஒரு மொத்த வியாபாரிகிட்ட."

அவள் ஊசிக்குக் கீழே இருந்த துணியைத் திருப்பிப் போட்டாள்.

"நல்லாத் தைப்பானா அவன்?"

கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அக்காள் முகத்தைப் பார்த்தாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் மிச்சத்தைப் படிக்கவில்லை. 'இனிமேல் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே கொள்முதல் செய்வேன்' என்று இருந்தது, 'எந்தப் பறவை உருவத்தையும் பயன்படுத்த மாட்டேன்' என்றும் இருந்தது. தைத்து முடித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பியபடி அவளே சொன்னாள்.

"போட்டுடுங்க. பாத்து ஒத்தினவ நான்தானே."

"நீ ஒத்தினத ஒத்துக்கிட்டு எழுதினேன். அத வேண்டாம்னுட்டான். நீயே இல்லைன்னு எழுதினா வேணுமாம்."

"இல்லாமப் போறேன். உங்க கழுத்து இருக்கட்டும்."

கொக்கைப் பார்க்கத்தான் எனக்குக் கால் வரவில்லை. லாரி நிற்கிற இடத்தில் அவன் சாப்பாடு முடித்து, ஒரு காலை மடக்கிச் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை.

"கிழிக்கப் போறியா? கொக்குக்கு என்ன கேடு?"

"கம்பெனிக்காரன் அது என் கொக்குங்கறான்."

"அவன வந்து ஒரு மூட்டையத் தூக்கச் சொல்லு மாப்ளே. ஒரே ஒரு மூட்டை. பேரையே விட்டுக்குடுத்துடறேன்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சரி, அவன விடு. நீ என்ன சொன்ன?"

"போலின்னு சொல்லப்போறேன்."

"எத?"

"சும்மாட்ட."

அவன் தோளிலிருந்து வாரைக் கழற்றினான். பக்கிள் துரு ஏறி இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. என் கையில் கொடுக்கவில்லை. "நானும் வர்றேன். என்னதான்னு பாத்துடுவோம்" என்று தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

எங்கள் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். கொழுந்தியாள் போனைப் பிடித்தாள். என் மனைவி துணி வெட்டும் கத்தரியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தரி இறங்கவில்லை. உப்புப் பூத்து அட்டையாக விறைத்துப்போன கேன்வாஸ். கடைசியில் அரிவாள்மனையில் வைத்து இழுத்தேன். கொக்கின் கழுத்துக்குக் குறுக்கே தையல் விட்டுக்கொடுத்து, உள்ளே இருந்தது வெளியே வந்தது. பஞ்சு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கறுத்து, ஈரமாக, கட்டி கட்டியாக, குப்பைத்தொட்டியில் செத்துக் கிடக்கிற ஏதோ ஒன்றின் வயிறு போல. அதிலிருந்து வந்த நாற்றத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் உடம்பிலும் அது பல வருடம் இருந்தது. அப்படிக் கிழித்துத் திறந்து வைத்து முகர்ந்ததுதான் இல்லை. கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு, போனைக் கொக்கின் கையில் திணித்துவிட்டுச் சாக்கடைப் பக்கம் ஓடினாள்.

கொக்கு இரண்டு கையாலும் போனைப் பிடித்து என் முகத்துக்கு நேராக வைத்தான்.

"சொல்லு மாப்ளே."

"இது போலி" என்றேன். "நான் இதை அழிக்கிறேன்."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

அவன் குத்திக்காட்டுகிறானா, இல்லை வேலை சரியாக முடியட்டும் என்று சொல்கிறானா, போனுக்குப் பின்னால் இருந்த அவன் முகத்தில் தெரியவில்லை. நான் மறுபடி சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கையெழுத்தை அதன்பிறகுதான் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் நாற்றம் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் சம்பளத் தாளில் கைநாட்டு வைப்பேன். மை தடவிய கட்டைவிரலைப் பிடித்து அழுத்துகிறவன் என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான். அந்தக் கேவலம் பொறுக்காமல்தான் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போனேன். அப்போது என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தேன். இப்போது ஒவ்வொரு வரியையும் கூட்டிப் படித்துவிட்டு, என் பெயரைச் சுழி விடாமல், பிழை இல்லாமல் போட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. 'வாழ்த்துகள்!' என்று ஆரம்பித்தது. திரையில் கலர் கலராகக் காகிதத்தூள் பறந்தது. தங்கள் வெளிப்படையான அணுகுமுறையைப் பாராட்டுகிறோம், போலிப் பொருள்களைத் தவிர்ப்பது எப்படி என்ற குறும்பாடத்தை முடித்தால் கடை திறக்கும் என்று இருந்தது. கொழுந்தியாள் அந்தப் பாடத்தைப் பெட்டி ஒட்டிக்கொண்டே தன் கிடங்கிலிருந்து எனக்காக எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கினாள். "மாமா, நீங்கதான் முதல் மார்க்" என்று போனில் சொன்னாள். உடனே, "சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

பணம் வந்தது. விரலை நனைக்கிறவருக்கு அவர் பங்கைக் கொடுத்தோம். மனைவி இருக்கிற துணியில் நல்லதாகப் பார்த்து, இரண்டு அடுக்கு கூடுதலாக வைத்து, கொக்குக்கு ஒரு சும்மாடு தைத்துக் கொடுத்தாள். என்ன அடையாளம் போடட்டும் அண்ணே என்று கேட்டாள். அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். "ஒண்ணும் வேண்டாம் தங்கச்சி. எதையாவது போடப்போக, அவன் வந்து என் காலையும் வெட்டச் சொல்லுவான்" என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். யாரும் சிரிக்காததால், வாரை இழுத்து நீளம் சரிபார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

மாதக் கடைசி அன்று கேன்வாஸ் கடைக்குப் போனேன். காலையிலிருந்து தூறல். தெருவெல்லாம் சொதசொதவென்று இருந்தது. முதலாளி மேசையைத் துடைத்துவிட்டுப் பணத்தை வாங்கி, நோட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கி எண்ணினார். எண்ணி முடித்ததும் சில்லறை நோட்டுகளைத் தனியாக என் பக்கம் தள்ளினார்.

"அந்த அறுபத விடுய்யா. டீ சாப்பிட்டுப் போ."

"வேண்டாங்க முதலாளி. கணக்கு கணக்காவே இருக்கட்டும்."

"அட, நான் மன்னிச்சுட்டேன்னு வச்சுக்கோயேன்."

நான் அந்த அறுபதை எடுத்து, அவர் அடுக்கிய கட்டின் மேலேயே வைத்து, அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு, "சரிதான், தீர்ந்தது" என்று இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினார். "அடுத்த துணி எப்ப எடுத்துக்கற?" என்று கேட்டார்.

நான் தெருப் பக்கம் திரும்பினேன். எதிரில் லாரி வந்து நின்றிருந்தது. பாயைச் சரியாக மூடாமல் கொண்டுவந்திருந்தார்கள் போல, தீவன மூட்டைகள் நனைந்து பளபளத்தன. கொக்கு பலகையில் இறங்கி வந்துகொண்டிருந்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, நெட்டைக்கால்கள் ஈரப் பலகையைத் தடவித் தடவி வைத்தன. கிடங்கு வாசலில் மூட்டையைச் சரித்துவிட்டு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி எங்கள் பக்கம் திரும்பி நின்றான்.

புதுக் காக்கித் துணியில், தோளுக்கு மேலே, சாக்கின் மை இறங்கியிருந்தது. நீல நிறம். ஓரமெல்லாம் கசிந்து, அலகு எதிர்ப்பக்கம் திரும்பி, ஒற்றைக்காலில் நின்றது கொக்கு.

அவனுக்கு அது தெரியாது. முகத்து ஈரத்தைப் புறங்கையால் வழித்து உதறிவிட்டு, அடுத்த மூட்டைக்குப் பலகை ஏறினான்.